பட்டியலில் இல்லாதவர்களை யார் எண்ணுவது? நலத்திட்ட மதிப்பீட்டில் அடிபடும் சொற்கள்

அரசு நலத்திட்டம் பற்றிய எந்தச் செய்தியை எடுத்தாலும் "இத்தனை லட்சம் பேர் பயனடைந்தனர்" என்றொரு வரி கட்டாயம் இருக்கும். பணம் கைக்கு வந்து சேர்ந்ததா, வந்ததால் வீட்டில் ஏதாவது மாறியதா, வர வேண்டியவர்களில் எத்தனை பேருக்கு வரவில்லை என்று கேட்டால் அந்த வரியில் பதில் இருக்காது. இந்த மூன்றும் வேறு வேறு கேள்விகள். மதிப்பீடு செய்கிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் ஆளும் கட்சி சொல்வதும் சரியாகத்தான் தெரியும், எதிர்க்கட்சி சொல்வதும் சரியாகத்தான் தெரியும். நூறு நாள் வேலையை வைத்தே இந்தச் சொற்களைப் பார்த்துவிடலாம். 2006 பிப்ரவரி 2-ம் தேதி தொடங்கி, இந்தியாவில் இவ்வளவு தரவு குவிந்து, இவ்வளவு பேர் ஆராய்ந்த திட்டம் வேறு அதிகம் இல்லை.

முதலில் வெளியீடு, விளைவு, தாக்கம். எத்தனை மனித நாட்கள் (ஒருவர் ஒரு நாள் செய்தால் ஒரு மனித நாள்) வேலை கொடுத்தோம், எத்தனை குட்டை வெட்டினோம் என்பது வெளியீடு. அந்தக் கூலியால் வட்டிக்கு வாங்குவது குறைந்ததா, வெளியூர் செங்கல் சூளைக்குப் போவது நின்றதா என்பது விளைவு. அந்த மாற்றத்தில், திட்டம் இல்லாமல் இருந்தாலும் எப்படியும் நடந்திருக்கக்கூடிய பங்கைக் கழித்துவிட்டு மிச்சம் நிற்பதுதான் தாக்கம். அறிக்கைகளில் வருவது பெரும்பாலும் முதலாவது. மேடையில் பேசும்போது அதையே மூன்றாவதாக ஆக்கிவிடுகிறார்கள்.

வெளியீட்டு எண்ணிலேயே எவ்வளவு ஒளிந்திருக்கிறது பாருங்கள். கொரோனா ஆண்டான 2020-21-ல் நாடு முழுக்க 7.55 கோடி குடும்பங்கள் வேலை செய்தன, 389 கோடி மனித நாட்கள் பதிவாயின. திட்ட வரலாற்றிலேயே அதுவரை இல்லாத உச்சம். வகுத்தால் ஒரு குடும்பத்துக்குச் சுமார் 51 நாள் வருகிறது. நூறு நாளை முழுதாக முடித்தவை 72 லட்சம் குடும்பங்கள், அதாவது வேலை செய்தவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நூறு நாள் என்பது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. மாமியார், மருமகள், மகன் என மூன்று பேர் போனால் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் அந்த நூறு. அடுத்தது இன்னும் முக்கியம்: 51 என்ற அந்தச் சராசரியில் வகுக்கும் எண்ணாக இருப்பது ஒரு நாளாவது வேலை கிடைத்த குடும்பங்கள் மட்டும்தான். வேலை கேட்டு ஒரு நாள்கூடக் கிடைக்காத குடும்பம் அந்தக் கணக்கிலேயே வராது. அதைச் சேர்த்தால் சராசரி இறங்கும். ஆகவே எந்தச் சராசரியைப் பார்த்தாலும் "எதால் வகுத்தீர்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும்.

சரி, கேட்டும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? இந்த இடத்தில்தான் 'வேலைக் கோரிக்கை' என்ற சொல் வருகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தின் தரவில் இதைவிடத் தப்பாகப் படிக்கப்படும் சொல் கிடையாது. இந்தத் திட்டத்துக்கான 2005-ம் ஆண்டு வேலை உறுதிச் சட்டப்படி, வேலை அட்டை வைத்திருப்பவர் ஊராட்சியில் வேலை கேட்டு மனு கொடுக்கலாம். கொடுத்தால் தேதி போட்ட ரசீது தர வேண்டும். 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் வேலையில்லாப் படி உண்டு: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன் பிறகு பாதிக்குக் குறையாமல். அந்தப் படியை மாநில அரசு தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று சட்டம் எழுதப்பட்டது. விளைவு என்ன? ரசீது கொடுத்தால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், மாநிலத்துக்குச் செலவு. ரசீது கொடுக்காவிட்டால் கேட்டதற்கே ஆதாரம் இல்லை.

நடைமுறையில் பல ஊர்களில் வரிசையே தலைகீழாக நடக்கிறது. வேலைக்கு எஸ்டிமேட் போட்டு ஒப்புதல் வந்த பிறகு, "திங்கட்கிழமையிலிருந்து ஏரி வேலை, பேர் குடுக்கிறவங்க குடுங்க" என்று பணித்தளப் பொறுப்பாளர் சொல்லி அனுப்புவார். பேர் கொடுத்தவர்களின் பெயர் கோரிக்கையாகவும் வேலை ஒதுக்கீடாகவும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கணினியில் ஏறும். ஆக, கேட்டவர் எண்ணிக்கையும் வேலை தரப்பட்டவர் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒட்டியே நிற்கும். இணையதளத்தைப் பார்ப்பவருக்கு, கேட்ட எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டது போலத் தோன்றும்.

வீடு வீடாகப் போய்க் கேட்டபோது வேறு கதை வந்தது. 2009-10 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் கிராமக் குடும்பங்களிடம் "வேலை கிடைத்ததா, தேடியும் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா" என்று கேட்டார்கள். மார்ட்டின் ரவாலியனும் அவருடன் சேர்ந்து உழைத்த பொருளாதார அறிஞர்களும் அந்தத் தரவை அலசியதில், கிராமக் குடும்பங்களில் 45 சதவீதம் வேலை வேண்டும் என்றிருந்தது தெரிந்தது. அவர்களில் 56 சதவீதத்தினருக்கு வேலை கிடைத்தது. மீதி 44 சதவீதத்தினருக்குக் கிடைக்கவில்லை. இதற்குப் பெயர் நிறைவேறாத தேவை. ஏழை மாநிலங்களில், குறிப்பாகப் பீகாரில், அந்த விகிதம் இன்னும் மோசம். தேவை எங்கே அதிகமோ அங்கே நிர்வாகத்தின் கொள்ளளவு குறைவாக இருந்தது. ஏழ்மை மிகுந்த மாநிலங்களுக்குப் பணம் தானாக அதிகம் போகும் என்ற எதிர்பார்ப்பு அங்கேதான் உடைந்தது.

இதே விஷயத்தின் இன்னொரு முகம் விடுபடல் பிழையும் சேர்ப்புப் பிழையும். தகுதி இருந்தும் கிடைக்காமல் போவது விடுபடல். தகுதி இல்லாமலே வாங்கிக்கொள்வது சேர்ப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் பூஜ்ஜியமாக்க முடியாது. வடிகட்டியை இறுக்கினால் ஒன்று குறைந்து மற்றது கூடும், தளர்த்தினால் மறுபக்கம் சாயும். தமிழ்நாட்டு ரேஷன் இதற்குக் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பாடம். 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று அட்டைகளைப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லாருக்குமான ரேஷனை விடாமல் வைத்துக்கொண்டது. அதனால் காரில் வருகிறவருக்கும் அரிசி போகிறது என்ற குறை இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் கணவனை இழந்த ஒரு கூலிப் பெண், தான் ஏழை என்று யாரிடமும் நிரூபிக்கத் தேவையில்லாமல் 20 கிலோ அரிசி வாங்குகிறார். நான் இரண்டாவது பக்கம்தான்.

மகளிர் உரிமைத் தொகையில் தமிழ்நாடு வேறு வழியைப் பிடித்தது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது விண்ணப்பங்கள் 1.63 கோடி, தேர்வானவர்கள் 1.06 கோடி. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் என்று வரம்புகள். மின்சார யூனிட் எதற்கு? வருமானத்தை நேரடியாக அளக்க முடியாது, அதனால் அளக்கக்கூடிய ஒன்றை அதற்குப் பதிலாக வைக்கிறார்கள். பதிலி அளவுகோல் என்று சொல்வது இதைத்தான். ஒரே மீட்டரில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஓடுகிற வீட்டில் யூனிட் ஏறுவதற்கும் வசதிக்கும் சம்பந்தம் இருக்காது. இப்படி ஒவ்வொரு பதிலியும் கொஞ்சம் பேரைத் தப்பாகத் தள்ளிவிடும். எவ்வளவு பேர் என்று பார்த்துச் சொல்வதுதான் மதிப்பீட்டின் வேலை, மேல்முறையீடு என்ற ஒன்றை வைத்ததும் அதற்காகத்தான்.

இந்த இரண்டு பிழைகளில் சேர்ப்புப் பிழைதான் எப்போதும் செய்தியாகும். காரணம் எளிது. தகுதியில்லாமல் வாங்குகிறவரின் பெயர் பட்டியலில் இருக்கும், தேடினால் கிடைக்கும், படம் எடுத்துப் போடலாம். விடுபட்டவர் எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார். அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் யாராவது செலவு செய்து, பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வீடு வீடாகப் போக வேண்டும்.

'சேமிப்பு' என்ற சொல்லை நான் நம்பத் தயங்குவது இதனால்தான். போலி அட்டைகளை நீக்கியதில் இத்தனை கோடி மிச்சம் என்று அறிவிப்பு வரும்போது, நீக்கிய ஒவ்வோர் அட்டையும் போலி என்று எடுத்துக்கொண்டுதான் அந்தத் தொகையைப் போடுகிறார்கள். ஜார்க்கண்டில் 2016 முதல் 2018 வரை ரத்தான ரேஷன் அட்டைகளில் மாதிரி எடுத்து, அந்த வீடுகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது அட்டை நிஜமான குடும்பங்களுடையது. அரசுக் கணக்கில் சேமிப்பு என்று ஏறியதில் பெரும்பகுதி, அந்த வீடுகளில் அரிசி இல்லாமல் போனது.

அப்புறம் கசிவு. அரசு கிடங்கிலிருந்து கிளம்பியதில் மக்கள் கைக்கு வந்து சேராத பங்கு. திருட்டை யாரும் பதிவேட்டில் எழுதி வைப்பதில்லை, பிறகு எப்படி அளக்கிறார்கள்? மாநிலங்கள் மத்தியத் தொகுப்பிலிருந்து எடுத்த தானியம் எவ்வளவு என்று ஒரு பக்கம். மாதிரிக் கணக்கெடுப்பில் குடும்பங்கள் ரேஷனில் வாங்கியதாகச் சொன்ன அளவைக் கூட்டினால் எவ்வளவு என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கசிவு. ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் இப்படிக் கணக்கிட்டதில், 2004-05-ல் 54 சதவீதமாக இருந்த தேசியக் கசிவு 2011-12-ல் சுமார் 42 ஆக இறங்கியிருந்தது. பீகாரில் 91-லிருந்து 24 ஆகக் குறைந்தது. இந்த முறையிலும் குறை உண்டு, வீட்டுக்காரர் மறந்துவிட்டுக் குறைத்துச் சொன்னாலும் அது கசிவாகவே விழும். ஆனாலும் திருடுகிறவரின் கணக்குப் புத்தகத்தை நம்பாமல், வாங்குகிறவரிடம் போய்க் கேட்கிறது என்பதே இதன் பலம்.

தாமதம் என்ற சாதாரணச் சொல்லிலும் விஷயம் இருக்கிறது. நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவேடு முடிந்த 15 நாளுக்குள் கூலி வர வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. தமிழ்நாட்டில் 2025-26-க்கான தினக்கூலி 336 ரூபாய். ஒருவர் ஆறு நாள் வேலை செய்தால் 2,016 ரூபாய், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு ஒரு ரூபாய் சொச்சம். மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்குகிறவருக்கு அந்த ஒரு ரூபாய் எதற்கு ஆகும்? அது போதாதென்று, தாமதத்தை எங்கே அளப்பது என்பதிலும் ஒரு வேலை நடந்தது. பணம் இரண்டு கட்டமாக நகர்கிறது: ஊராட்சி ஒன்றியத்தில் செய்த வேலையை அளவெடுத்து, பணம் மாற்றும் ஆணையைத் தயாரிப்பது வரை முதல் கட்டம். அந்த ஆணைக்கு மத்திய அரசு பணம் விட்டு வங்கிக் கணக்கில் ஏறுவது இரண்டாம் கட்டம். இழப்பீடு கணக்கிடப்பட்டது முதல் கட்டத் தாமதத்துக்கு மட்டும். 2016-17-ல் 90 லட்சம் பரிவர்த்தனைகளை எடுத்து ஆராய்ந்த ராஜேந்திரன் நாராயணன் குழுவினர், கூலி உரிய நாளுக்குள் கணக்கில் ஏறியது 21 சதவீதம்தான் என்று கண்டார்கள். கூலிக்காரருக்கோ பணம் கணக்கில் ஏறிய நாள்தான் நாள். முதல் கட்டம் முடிந்ததா இரண்டாம் கட்டம் முடிந்ததா என்பது அவருக்கு எதற்கு?

இனி தாக்கத்துக்கு வருவோம், இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும். மருந்து சாப்பிட்டு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது என்றால், சாப்பிடாவிட்டாலும் மூன்றாம் நாள் விட்டிருக்குமா என்று தெரியாமல் மருந்தைப் புகழ முடியாது. திட்டமும் அப்படித்தான். திட்டம் வந்த பிறகு கூலி ஏறியது என்பது மட்டும் போதாது, திட்டம் வராமலிருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று தெரிய வேண்டும். அந்த நடக்காத நிலையை யாரும் பார்க்க முடியாது என்பதால், அதற்கு நெருக்கமான ஓர் ஒப்பீட்டுக் குழுவைத் தேடுகிறார்கள். வேலைக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் நேரே ஒப்பிட்டால் கோணலாகிவிடும். போகிறவர்கள் ஏற்கெனவே ஏழைகளாக இருப்பார்கள், அதனால் திட்டமே மக்களை ஏழையாக்கியது போல முடிவு வரும். இதுதான் தேர்வுச் சாய்வு.

ஒரு வழி, திட்டம் ஊர் ஊராக வந்த வரிசையைப் பயன்படுத்துவது. முதலில் 200 மாவட்டம், 2007-ல் இன்னும் 130, 2008 ஏப்ரலில் மீதி. முன்னால் வந்த மாவட்டங்களில் ஏற்பட்ட மாற்றத்தை, இன்னும் வராத மாவட்டங்களில் அதே காலத்தில் ஏற்பட்ட மாற்றத்தோடு ஒப்பிடலாம். கிளெமென்ட் ஆம்பரும் ஜான் பாப்பும் இப்படிப் பார்த்ததில், விவசாய வேலை இல்லாத வறண்ட மாதங்களில் தனியார் கூலியும் ஐந்து சதவீதம் அளவுக்கு உயர்ந்திருந்தது. இதில் ஒரு சிக்கல் இல்லாமல் இல்லை: முதலில் எடுத்த 200-ம் பின்தங்கிய மாவட்டங்கள், ஆகவே இரண்டு பக்கமும் சமமான ஊர்கள் அல்ல.

இன்னொரு வழி குலுக்கல். ஒன்றுபட்ட ஆந்திரத்தில், நூறு நாள் கூலியையும் ஓய்வூதியத்தையும் கைரேகை ஸ்மார்ட் கார்டு மூலம் கொடுக்கப் போனபோது, எந்த மண்டலத்துக்கு (நம்மூர் ஊராட்சி ஒன்றியம் போன்ற பிரிவு) முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தது அரசு. 112 மண்டலங்களில் முதலில் வந்தது, 45 மண்டலங்கள் ஒப்பீட்டுக்காகக் கடைசிவரை காத்திருந்தன. ஜார்க்கண்டில் ரத்தான அட்டைகளைத் தேடிப் போன அதே மூவர்தான் இதையும் ஆராய்ந்தார்கள். கார்டு வந்த இடங்களில் கூலி சீக்கிரம் வந்தது, நூறு நாள் திட்டத்தின் கசிவு 41 சதவீதம் குறைந்தது. இதே கைரேகைத் தொழில்நுட்பம் ஜார்க்கண்ட் ரேஷனில் கசிவைக் குறைக்கவில்லை, மக்களை அலையவிட்டு விடுபடலைத்தான் கூட்டியது. ஆந்திரத்தில் கைரேகை விழாவிட்டாலும் பணம் தர மாற்றுவழி இருந்தது. கருவி அதேதான், அதைச் சுற்றி எழுதிய விதி வேறு.

ஆந்திர ஆய்வின் இரண்டாம் பகுதிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. திட்டம் ஒழுங்காக நடந்த மண்டலங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் ஏறியது. அந்த ஏற்றத்தில் 86 சதவீதம் நூறு நாள் கூலியிலிருந்து வரவில்லை, வெளி வேலையிலிருந்து வந்தது. ஏரியில் ஒழுங்காகக் கூலி கிடைக்கும் என்று தெரிந்ததும், வயல்காரரிடம் பேரம் பேச ஆட்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. பரவல் விளைவு என்பார்கள் இதை. "நூறு நாள் வேலையால் ஆள் கிடைப்பதில்லை, கூலி ஏறிவிட்டது" என்று விவசாயிகள் சொல்லும் குறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சிறு விவசாயிக்குக் கூலி ஏறுவது உண்மையாகவே பாரம், அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஆய்வில் கூலியோடு சேர்ந்து தனியார் வேலைவாய்ப்பும் கூடத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டின்படி வழங்கிய கூலியை மட்டும் கூட்டி "இவ்வளவு செலவுக்கு இவ்வளவுதானா" என்று கேட்பவர்கள், ஏழில் ஆறு பங்கைப் பார்க்காமலே கேட்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு கழித்தல் உண்டு, நிகர வருமானம். ஒரு பெண் ஏரி வேலைக்கு 20 நாள் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 336 வீதம் 6,720 ரூபாய். அந்த நாட்களில் ஆறு நாள் அவருக்குக் களையெடுப்பு 300 ரூபாய்க்குக் கிடைத்திருக்கும் என்றால், 1,800 கழிய வேண்டும். திட்டம் அவருக்கு உண்மையில் சேர்த்தது 4,920. மற்ற 14 நாளும் அவருக்கு வேறு வேலையே இல்லை என்பதால்தான் இவ்வளவு நிற்கிறது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். ஆணுக்குக் கொடுக்கும் கூலியே பெண்ணுக்கும் கிடைக்கிற இடம் கிராமத்தில் வேறு அதிகம் இல்லை, 60 வயது தாண்டிய பாட்டியை வேலைக்குச் சேர்த்துக்கொள்கிற இடமும் இல்லை. அப்படிப்பட்டவருக்குக் கழிக்க வேண்டிய தொகை கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

இதையொட்டியே சுயதேர்வு என்றொரு சொல் உண்டு. வெயிலில் மண் வெட்டும் வேலைக்கு வசதியானவர் வரமாட்டார், ஆகவே ஏழையைத் தேடிப் பட்டியல் போட வேண்டியதில்லை, ஏழையே வருவார் என்ற வாதம். மகாராஷ்டிரத்தின் வேலை உறுதித் திட்டம் எழுபதுகளின் பஞ்சத்திலிருந்து இப்படித்தான் நடந்தது. 1988-ல் அங்கே கூலி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. செலவும் அதே அளவு ஏற வேண்டியதற்குப் பதிலாக, வேலை கொடுப்பதைக் குறைத்துவிட்டார்கள், உறுதி என்பது பங்கீடாக மாறியது. கேட்டால் கிடைக்கும் என்ற நிலை இருந்தால்தான் சுயதேர்வு வேலை செய்யும். கிடைப்பது குறைந்ததும் யாருக்குக் கொடுப்பது என்று ஊரில் ஒருவர் முடிவு செய்ய ஆரம்பித்துவிடுவார், அதற்குப் பிறகு தேர்வு ஏழையின் கையில் இல்லை.

திறன் பயிற்சித் திட்டங்களில் அடிபடும் 'வேலை பெற்றவர் விகிதம்' பற்றி ஒரு வார்த்தை. எத்தனை மாதம் வேலையில் நீடித்தால் வேலை பெற்றதாகக் கணக்கு என்பதைக் கேட்காமல் அந்த விகிதத்தை ஏற்காதீர்கள். விகிதத்தைப் பார்த்துப் பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் என்றால், எப்படியும் வேலை கிடைக்கக்கூடிய பிள்ளைகளையே பார்த்துச் சேர்ப்பார்கள். விகிதம் ஜொலிக்கும், தாக்கம் இருக்காது.

இதையெல்லாம் இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2025 டிசம்பரில் 2005-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 125 நாள் என்று சொல்லும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்று மத்திய அரசு முன்கூட்டியே ஒதுக்கும், அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்தினுடையது. விதைப்பும் அறுவடையும் நடக்கும் பருவத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் இடமுண்டு. அந்த 60 நாளில் வேலையே நடக்காது என்றால், வேலை கேட்டு வருகிறவரின் பெயரை யார் பதிவேற்றப் போகிறார்கள்? கோரிக்கை என்ற கட்டத்தில் எண் இறங்கும். நிறுத்தம் இருந்த ஆண்டையும் இல்லாத ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிராமத்தில் வேலைத் தேவை குறைந்துவிட்டது என்று யாராவது வரைபடம் போட்டால், அதற்குக் கீழே எந்தக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அலுவலகக் கணினியிலிருந்து எடுத்தது என்றால் அது தேவையின் படம் இல்லை. வீடு வீடாகப் போய் "வேலை கேட்டீங்களா, கிடைச்சுதா?" என்று கேட்டு எடுத்ததாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.